கறுப்பும் உப்பும் தலைசுற்றலும்: ஒரு அட்ரீனல் அனுபவம்

கடலுக்குப் போகிற ஆள் கறுத்துப்போனால் யாருக்குச் சந்தேகம் வரும்? என் வீட்டுக்காரர் பாம்பனில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே அப்பாவோடு வள்ளத்தில் ஏறியவர். தென்கடல் வெயில், வடகடல் காற்று எல்லாம் பட்டுப் பழகிய தோல். அதனால் அந்த வருஷம் அவர் நிறம் ஒரு மாதிரியாக மாறிக்கொண்டே போனபோது, "நல்லாக் காஞ்சுபோயிட்டான்" என்று சொல்வதோடு ஊர் விட்டுவிட்டது.

ஆனால் வெயிலில் கறுக்கிறவனுக்கு உள்ளங்கை ரேகை கறுக்காது, துணிக்குள் மறைந்திருக்கிற தழும்பு கறுக்காது, ஈறு கறுக்காது. அவருக்கு இந்த மூன்றுமே கறுத்திருந்தன. சாப்பிட உட்காரும்போது கழுவிய கையை விரித்தால் கை வெளுப்பாக இருக்கும், ரேகைக்குள் மட்டும் கறுப்பு நிற்கும். வலை இழுத்த அழுக்கு என்று நகக்கண் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ம்ஹும். அந்த வருஷம் திருக்கை முள் குத்தி ஆறிய தழும்பு ஒன்று அவர் கணுக்காலில் உண்டு, வெள்ளையாகத் தெரிய வேண்டியது. அது கரிக்கட்டி நிறத்துக்கு வந்துவிட்டது.

அவருக்கு வந்தது அடிசன் நோய். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாட்டினாற்போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் கெட்டுப்போவது. சர்க்கரை, தைராய்டு என்றால் இன்று எல்லோருக்கும் தெரிகிறது, இந்தச் சுரப்பியின் பெயரை எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. அரிதான நோய்தான். ஆனாலும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அதன் அறிகுறிகள் எதுவும் அரிதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நம் வீட்டில் தினம் நடக்கிற சங்கதி. ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் பிடிபடும், அடுக்கிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றாது.

முதலில் உப்பு. அவர் உப்பு கேட்க ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. சூடை மீன் குழம்பில் "உப்பு பத்தல" என்றார், சரி என்று போட்டேன். அப்புறம் எல்லாவற்றிலும் பத்தவில்லை. கருவாட்டுக் குழம்பிலேயே உப்புப் பத்தாத மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கஞ்சி குடிக்கும்போது உள்ளங்கையில் கல் உப்பை வைத்துக்கொண்டு, ஊறுகாயைக் கடிப்பது போல ஒரு கல் ஒரு வாய் என்று போவார். சுட்ட கருவாட்டைச் சோறே இல்லாமல் தின்பார். மாமியார் "இப்படித் தின்னா பிரஷர் வந்து படுத்துருவே" என்று திட்டிக்கொண்டே இருந்தார். பார்த்தால் பிரஷர் தொண்ணூறைத் தாண்டவில்லை. அந்த இடத்திலேயே யாராவது நின்று யோசித்திருக்க வேண்டும்: இவ்வளவு உப்பு உள்ளே போயும் பி.பி. ஏன் இறங்கியே கிடக்கிறது? அந்த உப்பு எங்கே போகிறது?

இன்னொரு பக்கம் எடை இறங்கியது. கைலி இடுப்பில் நிற்கவில்லை. சர்க்கரை வியாதியோ என்று பார்த்தார்கள், வெறும் வயிற்றில் 62 வந்தது. "சர்க்கரையே இல்லப்பா, சந்தோஷமா போ" என்று அனுப்பினார்கள். காலையில் குமட்டலும் வாந்தியும் இருந்தது, அதற்கு அல்சர் மாத்திரை. உட்கார்ந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், அதற்குப் பித்தம் என்று பெயர். படகில் ஐஸ் பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றால் கூட வேலை செய்யும் பையன்கள் "அண்ணன் ராத்திரி போட்டுட்டாரு போல" என்று சிரிப்பார்கள். அவர் குடிக்கிறவரே இல்லை. பேச்சும் குறைந்துபோனது, சின்னச் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். மாமியாருக்குச் செய்வினைச் சந்தேகம் வந்து ஓரியூர் கோவிலுக்கும் கூட்டிப்போய் வந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை, போன இடத்தில் அவருக்கு மனசுக்காவது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கெடுதல் நடந்தது தைராய்டு மாத்திரையில். சோர்வுக்கு என்று ஓரிடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏழு சொச்சம் வந்தது. வழக்கமாக நான்கைச் சுற்றி நிற்க வேண்டியது. உடனே தைராக்ஸின் ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் பத்து நாளில் அவர் இன்னும் சுருண்டுவிட்டார். காரணம் பின்னால்தான் தெரிந்தது. அட்ரீனல் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறிக் காட்டும், அட்ரீனலுக்கு மருந்து கொடுத்ததும் பெரும்பாலும் அதுவே இறங்கிவிடும். அதைத் தைராய்டு நோய் என்று எடுத்துக்கொண்டு தைராக்ஸின் கொடுத்தால், உடம்பில் மிச்சம் மீதி இருக்கும் கார்டிசால் (அட்ரீனல் சுரக்கும் முக்கிய ஹார்மோன்) இன்னும் வேகமாகச் செலவாகிவிடும், ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு சுரப்பியிலுமே உண்மையான குறை இருந்தாலும் முதலில் கார்டிசால்தான் கொடுக்க வேண்டும், தைராய்டு மாத்திரை அதற்குப் பிறகு. எழுதிக் கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அவர் கையில் இருந்தது ஒரு எண் மட்டும்தான். ஆனால் தைராய்டு மாத்திரை ஆரம்பித்த பிறகு ஆள் தேறாமல் இன்னும் மோசமாகப் போனால் "பழகும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 ராத்திரியோடு முடிந்ததும் விசைப்படகுகள் ஒன்றாகக் கிளம்பும். இரண்டு மாசம் சும்மா கிடந்த கை, ஊரே திருவிழா மாதிரி இருக்கும். இவருக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது, கேட்காமல் ஏறிவிட்டார். வலை வாங்கும் நேரத்தில் படகின் பின்பக்கத்திலேயே விழுந்திருக்கிறார். படகு ஓட்டும் டிரைவர் தம்பி மீன்பாடு பாதியில் இருக்கும்போதே படகைத் திருப்பிவிட்டான், அவனுக்கு அன்றைக்கு டீசல் காசுகூடத் தேறவில்லை. கரையில் இறக்கும்போது அவர் உடம்பு சில்லென்று இருந்தது, என்னைப் பார்த்து யாரென்று கேட்டார்.

ராமநாதபுரம் போகிற வழியெல்லாம் ஆளாளுக்கு இளநீர் நீட்டினார்கள். வாந்தி, மயக்கம் என்றால் இளநீர், நம் ஊரில் அதற்கு அப்பீலே கிடையாது. அவரால் விழுங்க முடியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான் ஆனது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ராத்திரி டியூட்டியில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. சோடியம் 118 என்று ரிப்போர்ட் வந்தது, 135-க்குக் கீழே போகக் கூடாது. பொட்டாசியம் 6.1, ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர் கட்டிலுக்கு வந்து, நோயாளியின் கீழுதட்டை இழுத்து டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார், கையை விரித்துப் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உப்பு ரொம்பக் கேப்பாரா?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அத்தனை மாசமாக யாரும் கேட்காத கேள்வி அது.

கார்டிசால் பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலையே மருந்தாக்கிய ஸ்டீராய்டு) 100 மி.கி. ஊசி போட்டு, சலைனை வேகமாக ஏற்றினார்கள். விடிவதற்குள் மனுஷன் எழுந்து உட்கார்ந்து "இட்லி கிடைக்குமா" என்று கேட்டார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த நோயில் அந்த ஊசி அப்படித்தான் வேலை செய்யும். ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் போடுகிற அதே சாதாரண ஊசிதான், விலையும் அதிகமில்லை. சந்தேகம் வந்தால் ரிசல்ட் வரும்வரை நிறுத்தி வைக்காமல் முதலில் ஊசியைப் போட வேண்டும் என்பதுதான் மருத்துவத்தில் இதற்கான விதி என்று பிறகு சொன்னார்கள்.

அப்புறம் மதுரை. அங்கே ஹார்மோன் டாக்டர் பேப்பரில் படம் போட்டு விளக்கினார், எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். அட்ரீனல் ஒன்றின் எடை நான்கைந்து கிராம்தான். வெளித்தோல் பகுதி மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் ஆல்டோஸ்டிரோன்: சிறுநீரில் உப்பை விடாமல் பிடித்து வைப்பதும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதும் அதன் வேலை. நடு அடுக்கில் கார்டிசால்: பசித்துக் கிடக்கும்போது சர்க்கரை இறங்காமல், ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது, காய்ச்சலோ அடியோ பட்டால் பல மடங்கு ஏறி ஆளைக் காப்பாற்றுவது. உள் அடுக்கில் கொஞ்சம் ஆண் ஹார்மோன். இந்த மூன்று அடுக்குக்கும் உள்ளே, சுரப்பியின் மையத்தில் சுரப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த அட்ரினலின்.

கார்டிசால் தானாகச் சுரப்பதில்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் சொல்ல, அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, அது வந்து அட்ரீனலை எழுப்பும். கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் மேலே இருப்பவை அமைதியாகிவிடும். அட்ரீனல் செத்துப்போனால் என்ன ஆகும்? கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் படகு பதில் சொல்லாவிட்டால் எப்படி இன்னும் சத்தமாக, இன்னும் அடிக்கடி கூப்பிடுவார்களோ, அப்படிப் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.சைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஏ.சி.டி.எச். தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடும். ரேகை, ஈறு, தழும்பு, சட்டை உரசும் இடம் என்று பார்த்துப் பார்த்துக் கறுப்பது அதனால்தான். பிட்யூட்டரியே கெட்டுப்போய்க் கார்டிசால் குறைந்தால் இந்தக் கறுப்பு வராது, உப்புத் தேடலும் இந்த அளவுக்கு இருக்காது, ஏனென்றால் ஆல்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் ஆள்கிறது. இந்த ஒரு படத்தில் அந்த வருஷம் முழுக்க நடந்ததெல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

ஏ.சி.டி.எச். அளக்க எடுக்கும் ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், வெளியே கிடந்தால் அது சிதைந்து அளவு குறைத்துக் காட்டும். நான் கணக்கெழுதுவது ஐஸ் கம்பெனியில். டன் கணக்கில் ஐஸ் பார்த்தவளுக்கு ஒரு குப்பி ரத்தத்துக்கு ஐஸ் தேடி மதுரையில் டீக்கடை டீக்கடையாக அலைய வேண்டிவந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. லேபிலேயே ஐஸ் வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கார்டிசால் பரிசோதனையையும் காலை எட்டு மணி வாக்கில் எடுக்க வேண்டும், அது விடியலில் உச்சத்தில் இருந்து நடுராத்திரியில் அடிமட்டத்துக்கு வரும் ஹார்மோன். மத்தியானம் எடுத்த கார்டிசாலை வைத்துக்கொண்டு உறுதியாக எதுவும் சொல்வது கஷ்டம்.

சி.டி. ஸ்கேனில் இரண்டு அட்ரீனலும் வீங்கிக் கிடந்தன. காசநோய். நுரையீரலில் இல்லை, இருமல் இல்லை. மாமனாருக்கு ஒரு காலத்தில் டி.பி. இருந்தது, அப்போது ஒட்டிய கிருமி உள்ளேயே பதுங்கி இருந்திருக்கலாம் என்றார்கள். வெளிநாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறதாம், நம் நாட்டில் டி.பி. இன்னமும் ஒரு முக்கியக் காரணம். 1855-ல் லண்டனில் தாமஸ் அடிசன் முதலில் இதை விவரித்தபோது அவர் பார்த்த 11 பேரில் பலருக்கும் காசநோய்தான் இருந்திருக்கிறது. அப்போது மருந்து கிடையாது, வந்தால் சாவுதான். கார்டிசோன் கைக்கு வந்தது 1950 வாக்கில். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி இந்த நோயோடுதான் ஆட்சி நடத்தினார் என்று டாக்டர் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. சுரப்பியில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பிறகுதான் அறிகுறி நன்றாகத் தெரியுமாம், அதனால் டி.பி. குணமானாலும் சுரப்பி திரும்ப வேலை செய்யும் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

டி.பி. மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது, அதில் சிரமமில்லை. ஆனால் அதில் ரிஃபாம்பிசின் என்று ஒரு மாத்திரை உண்டு, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது. அது கல்லீரலைத் தூண்டிவிட்டு, நாம் கொடுக்கிற ஹைட்ரோகார்டிசோனையும் சீக்கிரமே அழித்துவிடும். அதனால் டி.பி. மருந்து எடுக்கும் காலத்தில் ஹார்மோன் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும், முடிந்ததும் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு இடத்தில் வைத்தியம் பார்ப்பவர்கள் இந்தச் சீட்டை அங்கேயும் அந்தச் சீட்டை இங்கேயும் கட்டாயம் காட்ட வேண்டும். நாங்கள் ஒரே நோட்டில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டோம், எங்கே போனாலும் நோட்டைத்தான் நீட்டுவது.

இப்போது அவர் எடுப்பது ஹைட்ரோகார்டிசோன் எழுந்தவுடன் 10 மி.கி., மத்தியானம் 5, சாயங்காலம் நாலு மணி வாக்கில் 5. கூட உப்பைப் பிடித்து வைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன் ஒரு மாத்திரை. (அளவு ஆளுக்கு ஆள் மாறும், இதைப் பார்த்து யாரும் எடுக்க வேண்டாம்.) உடம்பே காலையில் அதிகமாகச் சுரந்து ராத்திரி குறைக்கும், மாத்திரையும் அதே தாளத்தில் போக வேண்டும், இருட்டிய பிறகு போட்டால் தூக்கம் வராது. ஆனால் தொழில் ராத்திரியில் என்றால்? இதை நாங்கள் கேட்டபோதுதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். கடிகாரத்தைப் பார்க்காதே, நீ எழும்பும் நேரம்தான் உனக்குக் காலை என்றார். ராத்திரித் தங்கலுக்குப் போகும் நாளில் பகலில் தூங்கி எழுந்ததும் பெரிய மாத்திரை, வலை வாங்கும் நேரத்துக்கு முன்னால் இன்னொன்று என்று அவர்களுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். வழக்கத்தைவிடக் கடுமையாகப் பாடுபடும் நாளில் கூடுதலாக எவ்வளவு என்றும் எழுதி வாங்கிக்கொண்டோம். உங்கள் வீட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், நோன்பு வைப்பவர் யாராவது இந்த மாத்திரையில் இருந்தால் நீங்களாக நேரத்தை மாற்றாமல் இப்படிக் கேட்டு வாங்குங்கள். கீழக்கரையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வேறு காரணத்துக்கு ஸ்டீராய்டு எடுப்பவர், ரமலானுக்கு முன்பே போய்க் கேட்டு அட்டவணை போட்டுக்கொள்கிறார்.

காய்ச்சல் வந்தால் செய்வது தனி. நல்ல உடம்பு காய்ச்சலின்போது கார்டிசாலைத் தானே ஏற்றிக்கொள்ளும், இவருக்கு நாம்தான் ஏற்ற வேண்டும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது: 100.4 டிகிரி தாண்டினால் மாத்திரை இரண்டு மடங்கு, 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, குணமானதும் ஓரிரு நாளில் பழைய அளவு. மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. அதுவும் நிற்காவிட்டால் வேடிக்கை பார்க்கக் கூடாது, 100 மி.கி. ஊசி தொடையின் வெளிப்பக்கம் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். வயிற்றுப்போக்கும் அப்படித்தான். பல் பிடுங்குவதானால்கூட முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஊசி போட நானும் டிரைவர் தம்பியும் கற்றுக்கொண்டோம், பொடியில் தண்ணீர் கலந்து உறிஞ்சுவதை நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிச் செய்ய வைத்தார். தம்பி கை நடுங்கவே இல்லை, எனக்குத்தான் நடுங்கியது.

கடலில் அந்த மாத்திரை படும்பாடு வேறு. சட்டைப் பையில் வைத்தால் நனைந்து கூழாகிவிடும். அதனால் இறுக்கமான மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா இரண்டு: ஒன்று அவரிடம், ஒன்று டிரைவர் கேபினில் ஊசியோடு. அந்த டப்பாவுக்குள் ஒரு அட்டையும் இருக்கிறது, பிளாஸ்டிக் ஒட்டி வைத்தது. அதில் தமிழில் பெரிதாக எழுதியிருப்பது: "எனக்கு அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாது. நான் மயங்கிக் கிடந்தால், வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால், உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போடவும். சலைன் ஏற்றவும். சர்க்கரை அளவு பார்க்கவும்." கீழே என் போன் நம்பர். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வரிசையில் நிற்காமல் முதலில் இதை நீட்டுங்கள். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இளநீருக்கு வருகிறேன். ஒரு இளநீரில் பொட்டாசியம் தாராளம், 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்; சோடியம் கொஞ்சம்தான். வயிற்றுப்போக்கில் கிடக்கும் மற்ற ஆளுக்கு அது ஆகாரம். ஆனால் ஆல்டோஸ்டிரோன் இல்லாத உடம்பில் ஏற்கெனவே பொட்டாசியம் ஏறித்தான் கிடக்கும், அது எக்கச்சக்கமாக ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாத்திரையால் பொட்டாசியம் சரியான அளவில் நிற்கும் இப்போது எப்போதாவது ஒன்று குடிக்கலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறோம். உடம்பு முடியாத நாளில் மட்டும் கிடையாது. அன்றைக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, உப்பு மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும்போதும் உப்பைக் குறைக்கச் சொல்வது இவருக்குப் பொருந்தாது. பிரஷர்காரர் ஒருவரும் இவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் உபதேசம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வரும், நான் இப்போதெல்லாம் எழுந்து பதில் சொல்லிவிடுகிறேன். இருமலுக்கு அதிமதுரம் மெல்லக் கொடுப்பார்கள், அதுவும் வேண்டாம். அது உடம்பில் உப்பைத் தேக்கி வைக்கும், ஃப்ளூட்ரோகார்டிசோனோடு சேர்ந்தால் கணக்கு குழம்பிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தொண்டை வறண்டது ஒரு பேச்சில்: "ஐயோ ஸ்டீராய்டா! கிட்னி போயிரும், நிறுத்திரு." வீட்டுக்கு வந்து போகும் ஒவ்வொருவரும் இதைச் சொன்னார்கள், ஒருவர் வீடியோவே அனுப்பினார். இவர் எடுப்பது உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவை வெளியிலிருந்து நிரப்புவது, அதற்கு மேலே இல்லை. நிறுத்தினால் ஓரிரு நாளில் மறுபடியும் படகின் பின்பக்கத்தில் விழ வேண்டியதுதான். மற்ற நோய்களுக்குக் கூடுதல் அளவில் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு சமாச்சாரம், அதில் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், அந்தப் பயம் நியாயம்தான்.

அந்தப் பயம் நியாயமாக இருக்க வேண்டிய இடத்தில்தான் நம் ஆட்கள் பயப்படுவதே இல்லை. மூட்டு வலி, இடுப்பு வலி, அரிப்பு என்று மெடிக்கலில் கேட்டு "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" வாங்கி மாசக்கணக்கில் போடுகிறவர்கள் இந்தக் கரையில் எத்தனை பேர்! பெயர் தெரியாத பொடி கொடுத்து மூன்றே நாளில் வலியை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வெளியிலிருந்து போனால் பிட்யூட்டரி, போதும் என்று அட்ரீனலைக் கூப்பிடுவதை நிறுத்திவிடும். கூப்பிடாத சுரப்பி சுருங்கித் தூங்கிவிடும். முகம் பூரித்துப்போச்சே என்று திடீரென்று ஒருநாள் மாத்திரையை விட்டால், சுரப்பி எழும்ப வாரங்களோ மாசங்களோ ஆகும், அந்த இடைவெளியில் ஒரு காய்ச்சல் வந்தால் போதும். கறுப்பு இருக்காது, உப்புத் தேடலும் அந்த அளவுக்கு இருக்காது, மற்றபடி என் வீட்டுக்காரருக்கு வந்தது போலத்தான். எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. பி.பி. மிஷின் இருந்தால் படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை எடுங்கள். மேல் எண் 20-க்கு மேல் விழுந்தால் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எழுந்தால் கண் இருட்டுகிறது என்று வாயால் மட்டும் சொன்னால் பித்தம் என்றுதான் பதில் வரும். விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எடை இறக்கம், குமட்டல், உப்பு ஆசை, கறுப்பு இவையும் கூட இருந்தால் "சோடியம், பொட்டாசியம், காலை கார்டிசால் பார்க்கலாமா" என்று கேட்பதில் தப்பில்லை.

மருந்து வாங்குவதுதான் எங்களுக்கு மிச்சமிருக்கிற தலைவலி. பாம்பனில் ஃப்ளூட்ரோகார்டிசோனைக் கேட்டால் பெயரையே இரண்டு தரம் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள், அதனால் அட்டையில் பாதி தீரும்போதே சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிப் பாலத்தில் காற்று அடித்தால் தீவிலிருந்து வெளியே போவது நம் கையில் இல்லை. எனவே மழைக்காலம் தொடங்கும் முன் குறைந்தது ஒரு மாச மாத்திரை கையிருப்பு, ஊசி இரண்டு, சிரிஞ்சு, தண்ணீர்க் குப்பி. ஊசியின் காலாவதித் தேதியைத் தடைக்காலம் ஆரம்பிக்கும் ஏப்ரல் 15 அன்று ஒருமுறை பார்ப்பது என்று வைத்திருக்கிறோம், அன்றைக்குப் படகும் கரையில் இருக்கும், கேபின் டப்பாவையும் எடுத்துவந்து மாற்றிவிடலாம். பழைய ஊசியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதில் மருந்து கலக்கிப் பழகிக்கொள்கிறோம், இந்தத் தடவை எங்கள் மூத்த மகளும் கலக்கினாள்.